மொத்தம் எவ்வளவு ஆகும்? பறக்கக் கற்றுத்தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பறத்தல் பள்ளிகளையும் ஃப்ளையிங் கிளப்புகளையும் நடத்துகிறவர்களுக்கும், வலது இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பறக்கக் கற்றவன் நான். விமானி வேலைக்குப் போகும் எண்ணம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. பறக்க வேண்டும், அவ்வளவுதான். பிபிஎல் எனப்படும் தனியார் விமானி உரிமம் கைக்கு வந்த பிறகு, "எனக்கும் ஆசைதான், கட்டுப்படியாகுமா?" என்று கேட்டு வரும் பலரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதி வழியில் நின்றுபோனவர்களும் உண்டு. பயத்தால் நின்றவர்கள் குறைவு, திறமை போதாமல் நின்றவர்கள் அதைவிடக் குறைவு. காசு தீர்ந்துபோய் நின்றவர்களே அதிகம். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். புதிதாக ஒருவர் வந்து "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால், மணிக்கு இவ்வளவு என்று ஒரு தாளை நீட்டி அனுப்பிவிடாதீர்கள். உரிமம் கைக்கு வரும்வரை மொத்தம் எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள். பிறகு அந்த மொத்தத்தைக் குறைப்பதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சொல்லும் அந்த 40 மணி நேரத்திலிருந்து தொடங்குகிறேன். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ தனது முதலாம் இணைப்பில் இதை விதித்திருக்கிறது. தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற பயிற்சித் திட்டத்தில் படித்தால் 35 போதும். அதில் 10 மணி தனியாக, அதாவது சோலோ. அந்தப் பத்தில் 5 மணி க்ராஸ் கன்ட்ரி, அதாவது வழி கண்டுபிடித்து வேறு தளங்களுக்குப் போகும் பறத்தல். குறைந்தது 270 கிலோமீட்டர் கொண்ட ஒரு பயணம், நடுவில் வேறு இரண்டு நிலையங்களில் முழுதாக இறங்கி நிற்க வேண்டும். அமெரிக்காவிலும் இதே 40, 35 கணக்குதான். ஐரோப்பிய விதியில் 45.

இவை எல்லாமே கீழ்வரம்புகள். இதற்குக் குறைவாகப் பறந்தவரைத் தேர்வுக்கு அனுப்பாதே என்கிறது சட்டம். இதற்குள் முடிந்துவிடும் என்று அது எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் இந்தத் துறையில் இருப்பவர்கள் நடைமுறைக் கணக்காகச் சொல்வது 60 முதல் 75 மணி. வாரக்கடைசியில் மட்டும் வர முடிந்தவர், மேகமும் காற்றும் அடிக்கடி மறிக்கும் பருவத்தில் கற்றவர் அதையும் தாண்டுவார். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் விளம்பரப் பலகையில் 40 என்ற எண்தான் நிற்கிறது. வருகிறவர் அதை மணிக்கட்டணத்தால் பெருக்கி, அந்தத் தொகையைச் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

அவருக்கு 40ஆவது மணியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சோலோ முடிந்திருக்கும். க்ராஸ் கன்ட்ரி பாதியில் இருக்கும். கையிருப்பு காலி. "கொஞ்ச நாள் கழித்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். மாதங்கள் கழித்துத் திரும்பி வரும்போது தரையிறக்கம் கைவிட்டுப் போயிருக்கும், ரேடியோவில் வாய் தடுமாறும், ஓட்டத்தில் வந்துகொண்டிருந்த சரிபார்ப்புப் பட்டியலை மறுபடி எழுத்துக்கூட்டிப் படிப்பார். விட்ட இடத்துக்கு வந்து சேரவே சில மணிகள் போய்விடும். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பாடத்தை மறுபடி காசு கொடுத்து வாங்குகிறார். பறக்கக் கற்பதில் பணத்தைத் தின்பது பெரும்பாலும் இப்படி இரண்டாவது முறை வாங்கும் பாடம்தான். மணிக்கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி தேடி ஊர் ஊராக விசாரிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை.

ஆகவே முதல் வேண்டுகோள். கடந்த ஓராண்டில் உங்களிடம் உரிமம் பெற்றவர்கள் எத்தனை மணியில் பெற்றார்கள் என்பதை எழுதி வாசலில் ஒட்டுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு கெட்டிக்கார மாணவர் சராசரியைக் கீழே இழுத்துவிடுவார். எல்லோரையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரின் எண்ணைப் போடுங்கள். சேர்ந்து முடிக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அந்த எண் 70 என்றால் 70 என்றே இருக்கட்டும். 70 மணிக்குத் திட்டமிட்டு, சேமித்து, பிறகு வந்து சேர்பவர் முடித்துவிட்டுத்தான் போவார். 40-ஐ நம்பி வந்தவரை நீங்கள் பாதி வழியில் இழப்பீர்கள். உங்கள் வருமானத்துக்கும் அது நல்லதில்லை.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை பறக்கப் பணமும் நேரமும் இல்லாதவரிடம் "இப்போது வேண்டாம், ஆறு மாதம் சேமித்துவிட்டு வாருங்கள், அதுவரை பாடங்களைப் படித்து எழுத்துத் தேர்வை முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். மருத்துவச் சான்று கையில் இல்லாதவருக்குப் பறத்தல் மணிகளை விற்கவும் வேண்டாம். நிற வேறுபாட்டில் சிக்கல், வெளியே தெரியாத இதயக் கோளாறு, நெடுநாளாக எடுத்துவரும் ஒரு மாத்திரை, இவற்றில் எது வேண்டுமானாலும் உரிமத்துக்குத் தடையாக நிற்கலாம். அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டால் ஒருவரின் சேமிப்பு தப்பிக்கும்.

இனி அந்த மணி என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். பல பயிற்சி விமானங்களின் பேனலில் ஹாப்ஸ் மீட்டர் என்ற சின்னப் பெட்டி இருக்கும். அதன் கடைசி இலக்கம் 6 நிமிடத்துக்கு ஒரு முறை நகரும். என்ஜின் உயிர்பெற்று எண்ணெய் அழுத்தம் ஏறியதுமே அது ஓடத் தொடங்கிவிடும். புதிய மாணவர் பிரேக்கைத் தடவித் தடவி டாக்ஸி செய்வார், அதாவது விமானத்தைத் தரையில் ஓட்டிப்போவார். ஓடுபாதைக்கு முன்னால் நிறுத்தி என்ஜின் வேகத்தைக் கூட்டி, இடது மேக்னெட்டோ, வலது மேக்னெட்டோ, கார்புரெட்டர் வெப்பம் என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார். இறங்க வரும் இரண்டு விமானங்களுக்கு வழிவிட்டுக் காத்திருப்பார். சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்குள் மீட்டரில் இரண்டு மூன்று இலக்கம் போயிருக்கும். வேறு சில கிளப்புகளில் டாக்கோமீட்டர் கணக்கு. அது என்ஜின் சுழற்சியை எண்ணுவது, குறைந்த வேகத்தில் ஓடும்போது கடிகாரத்தைவிட மெதுவாக நகரும். தரையில் காத்திருக்கும் மாணவருக்கு இந்த முறை இலாபம். எந்த மீட்டரை வைத்துப் பணம் வாங்கினாலும் தவறில்லை. ஆனால் எது என்று சொல்லாமல் இரண்டு பள்ளிகளின் கட்டணத்தையும் ஒருவர் எப்படி ஒப்பிடுவார்? எரிபொருள் அதில் அடக்கமா, தரையிறங்கும் கட்டணம் தனியா, தரைப்பாடத்துக்குப் பயிற்றுநர் கூலி உண்டா, தேர்வாளருக்கு எவ்வளவு, தேர்வு நாளில் விமான வாடகை யார் தலையில், எல்லாமே அதே தாளில் இருக்கட்டும்.

எங்கே பறக்கக் கற்றுத்தருகிறீர்கள் என்பதும் பணம்தான். சர்க்யூட் ஒன்று, அதாவது கிளம்பி ஓடுபாதையை ஒரு முறை சுற்றி வந்து, இறங்க ஏறக்குறைய 6 நிமிடம் ஆகும். நெரிசல் இல்லாத ஓடுபாதையில் ஒரு மணி நேரத்தில் எட்டு, ஒன்பது தரையிறக்கங்கள் பழகலாம். பெரிய விமானங்கள் வந்துபோகும் நிலையத்தில், டவர், சுற்றில் ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும் டவுன்விண்ட் பகுதியை நீட்டச் சொல்லி நீட்டச் சொல்லி, நான்கோ ஐந்தோதான் தேறும். கட்டணம் ஒன்றுதான், பழக்கம் பாதி. தரையிறக்கம் கற்கும் வாரங்களில் மட்டுமாவது மாணவரை அக்கம்பக்கத்துச் சிறிய தளத்துக்கு அழைத்துப் போங்கள். போகும் கால் மணி நேரத்தை வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கும் பாடமாக்கிவிடலாம்.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. காக்பிட்டைப் போல மோசமான வகுப்பறை கிடையாது. சத்தம், புழுக்கம், காதில் ரேடியோ, கையில் கன்ட்ரோல், கண் வெளியே. இதற்கு நடுவில் ஸ்டால் என்றால் என்ன என்று முதல்முறையாக விளக்கத் தொடங்கினால் அந்த விளக்கம் மாணவர் காதில் ஏறாது, மீட்டர் மட்டும் ஏறும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால் தூக்குவிசை சரிந்துவிடும், வேகம் எதுவாக இருந்தாலும் இது நடக்கும், ஆகவே முதலில் மூக்கைக் கீழே விட்டுக் கோணத்தைக் குறைக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். புரிந்துகொண்டு மேலே போகிறவர் கைப்பழக்கத்துக்கு மட்டும் பணம் கொடுப்பார்.

தரையிறக்கத்தின் கடைசி நொடிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதை கண்முன் விரிந்து மேலே எழுந்து வருவதுபோலத் தெரியும். புதியவரின் பார்வை மூக்குக்கு நேர்முன்னே உள்ள தாரில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே பார்த்தால் உயரம் பிடிபடாது. பயத்தில் கட்டுப்பாட்டை வெடுக்கென்று பின்னால் இழுப்பார். விமானம் மறுபடி மேலே எழும், வேகம் சரியும், பயிற்றுநர் என்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி இன்னொரு சுற்றுக்குப் போவார். இன்னும் 6 நிமிடம். "பார்வையை ஓடுபாதையின் தூரத்து முனைக்குக் கொண்டுபோங்கள்" என்ற ஒரே வாக்கியம் பலருக்கு இந்தச் சிக்கலை அவிழ்த்திருக்கிறது. அதைவிட நல்ல வழி ஒன்றை ஒரு பயிற்றுநர் எனக்குக் காட்டினார். நிறுத்தியிருந்த விமானத்தில் என்னை உட்காரவைத்து, என்ஜினைத் தொடாமல், நேரே தூரத்தில் தெரியும் வேலியைக் காட்டி, "சக்கரம் தொடும் நொடியில் உங்கள் கண்ணுக்கு வெளி இப்படித்தான் தெரிய வேண்டும், கண்ணோரத்தில் தரை இந்த உயரத்தில் இருக்க வேண்டும்" என்றார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னார். மீட்டர் ஓடவில்லை. அன்று கண்ணில் பதிந்த அந்தக் காட்சியைத்தான் இன்றும் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தேடுகிறேன்.

இப்படி இலவசமாகவோ மலிவாகவோ கற்றுத்தரக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. வீட்டு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, கையை நீட்டி, என்ஜின் நின்றுபோனால் செய்ய வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது. ரேடியோ அழைப்புகளை நண்பரோடு பேசிப் பழகுவது. வானிலை காரணமாகப் பறப்பது ரத்தான நாளில் மாணவரைத் திருப்பி அனுப்பாமல் வரைபடத்தையும் எடைக் கணக்கையும் விரித்துவைப்பது. ஒப்புதல் பெற்ற சிமுலேட்டரில் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியைப் பறந்த நேரமாகவே விதிகள் ஏற்றுக்கொள்கின்றன; ஐரோப்பிய விதியில் அந்த 45-ல் 5 மணி வரை. வீட்டுக் கணினியில் ஓட்டும் சிமுலேட்டருக்கு அந்த மதிப்பு இல்லை, ஆனாலும் நடைமுறைகளை மனதில் பதிக்க அது உதவும். ஒரு எச்சரிக்கை மட்டும்: கணினியில் நெடுநாள் பழகியவர்கள் கருவிகளையே வெறித்துப் பார்ப்பார்கள், வெளியே பார்க்க மாட்டார்கள். அனுபவமுள்ள பயிற்றுநர்கள் ஒரு தாளால் பேனலை மூடிவிட்டுத் தொடுவானத்தைப் பார்க்கவைத்து அதைச் சரிசெய்வார்கள். அடுத்த வகுப்பில் என்ன செய்யப்போகிறோம் என்பதை முந்தின வகுப்பின் முடிவிலேயே மாணவரிடம் சொல்லி அனுப்புங்கள். பாதிப் பாடத்தை அவர் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவார்.

பயிற்றுநர் மாற்றம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சொல்லிக்கொடுக்கும் பலர் விமான நிறுவன வேலைக்காக மணி சேர்க்கும் இளைஞர்கள். அமெரிக்காவில் 2013 முதல் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்வதற்கே பொதுவாக 1,500 மணி பறந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த எண்ணை எட்டியதும் அவர்கள் கிளம்புவது இயல்பு, அதற்காக அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் போய் இன்னொருவர் வரும்போது நடப்பதை மாணவர் இடத்திலிருந்து பாருங்கள். நான் படித்த ஓரிடத்தில் பயிற்றுநர் மாறும்போதெல்லாம் புதியவர் சொன்ன முதல் வாக்கியம் ஒன்றுதான்: "முதலில் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாம்." நான் எங்கே நிற்கிறேன் என்று அவர் தெரிந்துகொள்வதற்கு நான் பணம் கட்டினேன். முந்தையவர் ஓடுபாதையை நோக்கி இறங்கும் அப்ரோச்சில் ஒரு வேகத்தில் வரச் சொன்னார், இவர் வேறொரு வேகம் என்றார். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃப்ளாப்பை இறக்கும் இடமும் மாறியது. கற்றதை மறந்து புதிதாகக் கற்க இன்னும் சில மணி.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. பள்ளி முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம், ஒவ்வொரு விமானத்துக்கும் எழுதிவைத்த ஒரே நடைமுறை, ஒவ்வொரு பறத்தலுக்குப் பின்னும் மாணவரின் கோப்பில் நான்கு வரி: என்ன செய்தோம், எது கைவந்தது, எது வரவில்லை, அடுத்து என்ன. அந்தக் கோப்பின் ஒரு நகல் மாணவர் கையிலும் இருக்க வேண்டும். பயிற்றுநர் உங்கள் பக்கத்துக் காரணத்தால் மாறினால், அந்த "ஒரு ரவுண்டு" செலவைப் பள்ளியே ஏற்றுக்கொள்ளட்டும்.

பறப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அதில் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அது எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1925-ல் பிரிட்டன் அரசின் விமானத்துறை, சிறு விமானக் கிளப்புகளுக்கு மானியம் கொடுத்து ஒரு திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலாண்ட் மாத் என்ற இரண்டு இருக்கை விமானம் அந்தக் கிளப்புகளுக்குத் தோதாக வந்து சேர்ந்தது. எளிய என்ஜின், கொட்டகையில் இடம் குறைவாகப் பிடிக்க மடித்து வைக்கும் இறக்கை. லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக வேலைபார்த்த ஆமி ஜான்சன் என்ற இளம்பெண், ஸ்டாக் லேன் என்ற தளத்தில் இருந்த அப்படிப்பட்ட ஒரு கிளப்பில்தான் பறக்கக் கற்றார். 1929-ல் உரிமம் வாங்கினார். கொட்டகையிலேயே மெக்கானிக்குகளோடு வேலைபார்த்து விமானப் பராமரிப்புக்கான உரிமமும் பெற்றார். 1930 மே மாதம் பழைய மாத் ஒன்றில் தனியாகக் கிளம்பி, 19 நாளில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். அந்தப் பயணத்துக்கு அவருடைய தந்தையும் ஓர் எண்ணெய் வணிகரும் பணம் கொடுத்து உதவினார்கள் என்பது உண்மை. ஆனால் பறக்கக் கற்றது, அலுவலகச் சம்பளக்காரிக்கும் எட்டுகிற விலையில் ஒரு கிளப் இருந்ததால்.

அமெரிக்காவில் 1930-களின் இறுதியில் தொடங்கிய குடிமக்கள் விமானிப் பயிற்சித் திட்டமும் அப்படித்தான். அரசு பணம் கொடுத்தது, கல்லூரிகள் பாடம் நடத்தின, பக்கத்துத் தளத்துப் பள்ளிகள் பறக்கவைத்தன. 1944 வரை 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பயிற்சி பெற்றார்கள். வேறு எங்கும் கதவு திறக்காத கறுப்பின மாணவர்கள் பலர் டஸ்கீகீ போன்ற கல்லூரிகள் வழியாக அதில்தான் முதன்முதலாக விமானத்தில் ஏறினார்கள். போர் வரப்போகிறது என்ற கணக்கும் அந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்தது. காரணம் எதுவாக இருந்தாலும், செலவை யாரோ உட்கார்ந்து யோசித்துக் குறைத்தார்கள். உங்களுக்கு அரசு மானியம் கிடைக்காமல் போகலாம். யோசிக்க மானியம் தேவையில்லை.

விமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கை விமானத்தின் உற்பத்தி 1985-லேயே நின்றுவிட்டது. இருந்தும் இன்றும் பறக்கிறது. 110 குதிரைத்திறன், மணிக்கு ஏறக்குறைய 23 லிட்டர் எரிபொருள். நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 172 மணிக்கு 30 லிட்டருக்கு மேல் குடிக்கும். மாணவரும் பயிற்றுநருமாக இரண்டே பேர் ஏறப்போகும்போது, காலியாகப் போகும் இரண்டு இருக்கைகளுக்கும் சேர்த்து மாணவர் ஏன் கட்ட வேண்டும்? ரோட்டாக்ஸ் 912 பொருத்திய இலகு விமானங்கள் 100 குதிரைத்திறனில் மணிக்கு 20 லிட்டருக்குள் முடித்துவிடும். கார் பெட்ரோலிலும் ஓடும். பெரிய திரைகள் பொருத்திய புது விமானம் பார்க்க அழகாக இருக்கும், புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். வட்டக் கருவிகள் ஆறு இருந்தாலே இந்த உரிமத்துக்கு வேண்டியதெல்லாம் கற்றுவிடலாம். உங்களிடம் இரண்டுவகை விமானமும் இருந்தால் மலிவானதை முதலில் காட்டுங்கள். நான்கு இருக்கை விமானம்தான் இருக்கிறது என்றால் இன்னொரு மாணவரைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொள்ளுங்கள், கட்டணம் வாங்காமல். முன்னே உட்கார்ந்திருப்பவர் செய்யும் பிழையையும் பயிற்றுநரின் திருத்தத்தையும் பதற்றமில்லாமல் பார்ப்பது பெரிய பாடம். எடைக் கணக்கு இடம் கொடுக்கும் நாட்களில் மட்டும், முன்னே இருப்பவரும் சம்மதித்தால்.

பிபிஎல்லைவிடச் சிறிய உரிமங்கள் இருப்பதையும் மறைக்காதீர்கள். ஐரோப்பாவில் எல்ஏபிஎல் என்ற இலகு விமான உரிமத்துக்குக் குறைந்தது 30 மணி. அமெரிக்காவில் ஸ்போர்ட் பைலட் உரிமத்துக்கு 20. கட்டுப்பாடுகள் அதிகம், ஸ்போர்ட் உரிமத்தில் ஒரே ஒரு பயணியைத்தான் ஏற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஒருவரை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தளம் வரை போய்வர வேண்டும் என்பது மட்டுமே ஒருவரின் கனவு என்றால் அது போதும். க்ளைடர் இன்னொரு வழி. பல நாடுகளில் க்ளைடர் கிளப்புகளில் பயிற்றுநர்கள் கூலி வாங்குவதில்லை, உறுப்பினர்கள் முறைவைத்துக் களப்பணி செய்கிறார்கள், செலவு வெகுவாகக் குறைகிறது. என்ஜின் இல்லாமல் பறந்தவருக்கு வாலில் உள்ள திசைப் பலகையான ரடரும் காற்றின் போக்கும் ஆழமாகப் பிடிபட்டிருக்கும். வேறு வகை உரிமத்தில் கேப்டனாகப் பறந்த நேரத்தில் 10 சதவீதத்தை, 10 மணிக்கு மிகாமல், பிபிஎல் கணக்கில் ஐரோப்பிய விதி வரவும் வைக்கிறது.

முன்பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுப் பயிற்சிக்கும் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டாதீர்கள். ஒரே இரவில் பூட்டிய பள்ளிகளில் வாழ்நாள் சேமிப்பை விட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அடுத்த சில வகுப்புகளுக்கான தொகையை மட்டும் வாங்குங்கள். அதையும் தனிக் கணக்கில் வையுங்கள், எரிபொருள் பாக்கிக்கு எடுக்காதீர்கள்.

"செலவைக் குறைக்கச் சொல்கிறாய், பாதுகாப்பு என்ன ஆகும்?" என்ற கேள்வி வரும், வரவேண்டியதுதான். பராமரிப்பில் ஒரு காசு குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வாடகைக்குப் பயிற்சி தரும் விமானத்துக்கு 100 மணிக்கு ஒருமுறை பரிசோதனை என்பது அமெரிக்க விதி. அதைத் தள்ளிப்போடும் பள்ளி மணிக்கட்டணத்தில் பாதி வாங்கினாலும் அங்கே யாரையும் அனுப்ப மாட்டேன். லைகாமிங் என்ஜின்கள் பலவற்றுக்கு 2,000 மணியில் முழுச் சீரமைப்பு பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. அதற்காக ஒவ்வொரு மணியிலும் ஒரு தொகையை ஒதுக்காமல் கட்டணத்தைக் குறைத்துக் காட்டும் கிளப் நாளைக்கு என்ன செய்யும்? பக்கக்காற்றில் இறங்கும் பழக்கத்தையும் ஸ்டால் பயிற்சியையும் சுருக்கச் சொல்லவில்லை, இன்னும் கூட்டினாலும் சம்மதம். வீணாகும் மணிகளைத்தான் குறைக்கச் சொல்கிறேன்: இடைவெளியால் மறந்தது, ஆள் மாறியதால் திரும்பப் படித்தது, தரையில் சொல்லியிருக்க வேண்டியதை 3,000 அடியில் சொன்னது. இவை போனால் மாணவர் பாதுகாப்பில் எதையும் இழக்க மாட்டார். தொடர்ச்சியாகக் கற்றவரின் கைதான் உறுதியாக இருக்கும்.

கடைசியாக, உரிமம் வழங்கும் ஆணையங்களில் இருப்பவர்களுக்கு. பயிற்சியை முடித்துத் தயாராக நிற்கும் மாணவர் செய்முறைத் தேர்வாளருக்காக வாரக்கணக்கில் காத்திருக்கிறார். அந்த வாரங்களில் கை மறக்காமல் இருக்க அவர் பறந்துகொண்டே இருக்க வேண்டும், கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்க விதியில், தேர்வுக்கான 3 மணி ஆயத்தப் பயிற்சி தேர்வு மாதத்துக்கு முந்தைய 2 மாதங்களுக்குள் இருந்தாக வேண்டும். தேர்வாளர் கிடைக்காமல் அந்தக் கெடு தாண்டினால் அதையும் திரும்பச் செய்ய வேண்டும். தாமதம் உங்களுடையது, செலவு அவருடையது. தேர்வாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஓய்வுபெற்ற பயிற்றுநர்களை இந்தப் பணிக்கு அழையுங்கள். எந்தத் தளத்தில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை மாதந்தோறும் வெளியிடுங்கள். மாணவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் பயிற்சியைத் திட்டமிட்டுக்கொள்வார்கள்.

என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு இனி மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்து அனுப்பப்போகிறேன். போன ஆண்டு உங்களிடம் உரிமம் வாங்கியவர்களில் நடுவில் நிற்பவருக்கு எத்தனை மணி ஆனது? பயிற்றுநர் மாறினால் என் கோப்பு என்னவாகும்? நான் நாளைக்கு நிறுத்தினால் மீதிப் பணம் எத்தனை நாளில் வரும்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் பள்ளியில், மணிக்கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், சேருங்கள் என்று சொல்வேன். உங்கள் பதிலை இப்போதே எழுதிவைத்துக்கொண்டால் நல்லது. அவர்கள் வருவார்கள்.

அன்புடன்,
சம்பளப் பணத்தில் பறக்கக் கற்ற ஒருவன்